குட்டிகள் கால் ஊன்றிய பிறகு வாருங்கள்!

ஏப்ரலில் திறக்கிறது ராஜமலை வாசல். இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு எப்போது போகலாம், எந்த வழியில் போகலாம், போனால் எதைப் பார்க்கலாம்? கோடைப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூணாறுக்குப் பக்கத்திலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா சுற்றுலாப் பயணிகளுக்கு வாசலைச் சாத்திவிடுகிறது. அது வரையாடுகளின் பேறுகாலம். குட்டி ஈன்ற தாயை மனிதக் கூட்டமும் இரைச்சலும் விரட்டக் கூடாது என்பதற்காக இந்த அடைப்பு. வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் வாசல் திறக்கும். குட்டிகள் பிறப்பது முன்னே பின்னே ஆனால், திறக்கும் தேதியும் முன்னே பின்னே ஆகும். தேதியைச் சொல்வது கேரள வனத்துறை. அதைத் தீர்மானிப்பது பாறைகளுக்கு இடையே நிற்கும் தாய் ஆடுகள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் மாதத்தில் யாரும் கூட்டமாகப் போய் நிற்பதில்லை. பச்சை உடம்பு தேறட்டும், குழந்தை கண் விழித்துப் பார்க்கட்டும் என்று காத்திருப்போம். அதே மரியாதையை ஒரு மலைக்கும் அதன் விலங்குக்கும் ஒரு மாநிலம் சட்டபூர்வமாகத் தருகிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல. வருமானம் கொட்டும் ஒரு சுற்றுலா இடத்தை ஆண்டுக்கு இரண்டு மாதம் மூடிவைக்க மன உறுதி வேண்டும்.

கோடை விடுமுறைக்கு மலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழும்போது முதலில் நம் நாட்காட்டியைத்தான் புரட்டுகிறோம். பள்ளி எப்போது முடிகிறது, அலுவலகத்தில் எத்தனை நாள் லீவு கிடைக்கும், எந்தத் தேதியில் அறை காலியாக இருக்கிறது என்று பார்க்கிறோம். இரவிகுளத்துக்குப் போவதென்றால் அந்தக் கணக்கைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு மலையின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். குட்டி எப்போது பிறக்கிறது, மழை எப்போது விழுகிறது, புல் எப்போது தளிர்க்கிறது என்பவை தெரிந்துவிட்டால், எப்போது போவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

ஏப்ரல் ஏன்?

இரவிகுளம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம் வட்டத்தில் இருக்கிறது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். பூங்காவின் பெரும்பகுதி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் விரிந்த மேட்டுநிலம். அதன் தெற்கே எழுந்து நிற்கிறது 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி. தென்னிந்தியாவில் இதைவிட உயரமான சிகரம் இல்லை.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளி முழுக்க உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அந்தப் பனியில் புல் கருகிப் பழுப்பாகிறது. வரையாட்டுக் குட்டிகளில் பெரும்பாலானவை பிறப்பது இந்த வறண்ட, குளிர்ந்த நாட்களில்தான். தென்மேற்குப் பருவமழையின் நடுவே, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இணை சேரும் ஆடுகள் ஏறத்தாழ ஆறு மாதச் சினைக்குப் பிறகு ஜனவரி, பிப்ரவரியில் ஈனுகின்றன. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கோடை மழை இறங்குகிறது. கருகிய புல்லின் அடியிலிருந்து பச்சை கிளம்புகிறது. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி புல்லைக் கடித்துப் பழகும் காலமும் அதுவே. பனி, பேறு, மழை, தளிர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்த வரிசையில் ஒரு கண்ணி பிசகினாலும் குட்டி பிழைப்பது கடினம். சிறுத்தையும் செந்நாயும் உலவும் மலை இது. பிறந்த குட்டிகள் எல்லாம் வளர்ந்து ஆளாவதில்லை.

ஆகவே ஏப்ரலில் போகிறவருக்குக் கிடைப்பது ஆண்டின் வேறெந்த மாதத்திலும் கிடைக்காத காட்சி. இரண்டு, மூன்று மாதக் குட்டிகள் தாயின் பின்னே பாறை ஏறப் பழகுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். காலையில் வானம் தெளிவாக இருக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு, இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். மே நடுப்பகுதி வரை இந்த ஒழுங்கு ஏறக்குறைய நீடிக்கும். ஜூனில் பருவமழை பிடித்துக்கொண்டால் பாதையோ மலையோ கண்ணுக்குத் தெரியாது; மூணாறு சாலைகளில் மண்சரிவு அபாயமும் உண்டு. குடும்பத்தோடு போவோருக்கு ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி மே முதல் பாதிக்குள் ஒரு நாள்தான் சரி.

அதிலும் சித்திரை முதல் நாள், விஷு, ஈஸ்டர், மே தினம் ஆகியவற்றை ஒட்டிய விடுமுறைகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் மூணாறுச் சாலையிலேயே பாதிப் பகல் போய்விடும். செவ்வாய், புதன், வியாழன் இந்த மூன்றில் ஒரு நாள் காலையை, பூங்காவில் பயணிகளுக்குத் திறந்திருக்கும் பகுதியான ராஜமலைக்கு ஒதுக்குங்கள். பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது. சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. வனத்துறையின் அறிவிப்பைப் போகும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உடுமலை வழியா, போடி வழியா?

தமிழ்நாட்டிலிருந்து மூணாறுக்கு இரண்டு முக்கிய வழிகள். இரண்டிலும் அரசுப் பேருந்து உண்டு.

முதல் வழி உடுமலைப்பேட்டையிலிருந்து. சுமார் 85 கிலோமீட்டர். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரமாக நுழைந்து, சின்னாறு சோதனைச்சாவடியில் மாநில எல்லையைக் கடந்து, மறையூர் வழியாக ஏறும் சாலை. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்திலிருந்து வருவோருக்கு இதுவே நேர்வழி. இரவில் வனச் சோதனைச்சாவடிகளில் வாகனங்களை விடமாட்டார்கள். காலையில் புறப்பட்டுப் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி போடிநாயக்கனூரிலிருந்து. சுமார் 70 கிலோமீட்டர். போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாகச் செல்லும் இது கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை. மதுரையிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வருவோருக்கு வசதி. அகலப் பாதைப் பணி முடிந்து 2023 ஜூன் முதல் போடிக்கு மீண்டும் ரயில் வருகிறது. சென்னையிலிருந்தும் வாரத்தில் சில நாட்கள் நேரடி ரயில் உண்டு. போடியில் இறங்கிப் பேருந்து ஏறினால் மதியத்துக்குள் மூணாறு போய்ச் சேரலாம்.

முடிந்தால் உடுமலை வழியாக ஏறி, போடி வழியாக இறங்குங்கள். உடுமலை வழியில் மலை தன்னை வரிசையாகக் காட்டும். சின்னாறு மழைமறைவுப் பிரதேசம். முள்மரங்களும் கள்ளியும் வறண்ட பாறையும், நம் சமவெளியின் கரிசல் ஓரத்தைப் போலவே இருக்கும். சாம்பல் நிற மலை அணிலுக்கும் நட்சத்திர ஆமைக்கும் அது வீடு. அடுத்து மறையூர்: சந்தனக் காடும் கரும்புத் தோட்டமும் வெல்லம் காய்ச்சும் ஆலைகளும், பாறை மேல் கற்பலகைகளை அடுக்கிய பெருங்கற்காலக் கல்லறைகளும். அதற்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே சோலையும் புல்வெளியும். வறள்காட்டிலிருந்து உறைபனிப் புல்வெளி வரை ஒரே முற்பகலில் பார்த்துவிடும் சாலைகள் இந்தியாவிலேயே அதிகமில்லை.

இந்தச் சாலையில், மூணாறு ஊருக்குப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது அஞ்சாம் மைல். பூங்காவின் வாசல் அங்கேதான். உங்கள் வாகனம் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் வனத்துறையின் பேருந்து.

வாசலுக்கு உள்ளே

பேருந்து தேயிலைத் தோட்டத்தின் நடுவே வளைந்து வளைந்து ஏறி, ராஜமலையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒரு தார்ச்சாலை. ஒரு பக்கம் ஆனைமுடியின் கரும்பாறைச் சரிவு. மறுபக்கம் பள்ளத்தாக்கும் தேயிலையும். அந்தச் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் நடந்து, திரும்பி வர வேண்டும். சுற்றுலாப் பயணிக்குத் திறந்திருப்பது இவ்வளவே. சிகரத்துக்கு ஏற அனுமதி இல்லை. புல்வெளியில் இறங்கக் கூடாது. சோலைக்குள் நுழையக் கூடாது.

“இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று திரும்பும்போது சிலர் கேட்பது காதில் விழும். என் பதில், ஆம், இதற்காகத்தான். 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் ஓர் ஓரத்தை மட்டும் மனிதருக்குத் திறந்துவிட்டு, மீதியை விலங்குக்கும் புல்லுக்கும் தண்ணீருக்கும் விட்டிருக்கிறார்கள். அந்த ஓரத்தில் வரையாடு நம்மைப் பார்த்து ஓடாமல் மேய்கிறதென்றால், ஓடி ஒளியவும் ஈனவும் வளர்க்கவும் அதற்குப் பின்னால் முழு மலையும் இருக்கிறது என்பதுதான் காரணம். முழு மலையையும் திறந்துவிட்டிருந்தால் இந்த ஒன்றரைக் கிலோமீட்டரிலும் நாம் எதையும் பார்த்திருக்க முடியாது.

காலை முதல் பேருந்தைப் பிடியுங்கள். சாலையில் அவசரமாக முன்னே போகாமல், ஒரு வளைவில் ஓரமாக நில்லுங்கள். முதலில் பாறை மட்டுமே தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால், பாறையின் நிறத்திலேயே ஒன்று அசையும். அது பெண்ணாடு. சாம்பல் கலந்த பழுப்பு முதுகு, வெளிர் வயிறு, பின்னோக்கி வளைந்த கொம்புகள். அதன் பின்னங்கால் மறைவிலிருந்து குட்டி தலையை நீட்டும். தாய் ஒரு பாறைப் படியிலிருந்து அடுத்ததற்குத் தாவும். குட்டி விளிம்புக்கு வரும், முன்னங்காலை நீட்டிப் பார்க்கும், பின்வாங்கும், திரும்பவும் வரும். பிறகு நான்கு காலையும் ஒரே புள்ளியில் குவித்துப் பாயும். குளம்பின் வெளிவிளிம்பு கடினமாகவும் உள்பகுதி ரப்பரைப்போல் மெத்தென்றும் இருப்பதால், செங்குத்துப் பாறையிலும் பிடி வழுக்குவதில்லை. தலைக்கு மேலே ஓர் ஆடு மேயாமல் நின்று நாலாபுறமும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். ஆபத்தென்று கண்டால் அது சீழ்க்கை போல ஒலி எழுப்பும். மந்தை முழுவதும் பாறைச் சரிவுக்கு ஒதுங்கிவிடும்.

முதுகில் வெள்ளிச் சேணம் பூட்டியதுபோல் பட்டை விழுந்த, கரும்பழுப்பு நிறப் பெரிய ஆண் ஆடுகளை ஏப்ரலில் அதிகம் பார்க்க முடியாது. இணை சேரும் காலம் தவிர மற்ற நாட்களில் அவை தனியே திரிபவை. ஆண்களைப் பார்க்கவில்லையே என்று குறைப்பட வேண்டாம். இது தாயும் சேயும் பார்க்கக் கிடைக்கும் பருவம்.

ஆடுகள் பக்கத்தில் வரும். சில வேளை கைக்கெட்டும் தூரத்தில் சாலையைக் கடக்கும். தொடாதீர்கள். எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். படத்துக்காக வழிமறிக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாக வைக்கப்பட்ட விலங்கு இது. சில ஆண்டுகளுக்கு முன் ராஜமலையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தவர்கள் கைதானார்கள்.

துப்பாக்கியிலிருந்து காவலுக்கு

இந்த மலை பிழைத்த கதையையும் தெரிந்துகொண்டு போனால், அந்தச் சாலையில் நிற்கும்போது அதன் அருமை புரியும்.

பூஞ்சார் அரச குடும்பத்தின் வசமிருந்த கண்ணன் தேவன் மலைகளை 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் குத்தகைக்கு எடுத்தார். அதன்பின் காடு தேயிலையாயிற்று. மிக உயரத்தில் இருந்த இரவிகுளம் மேட்டுநிலத்தைத் தோட்டத் துரைமார் தங்கள் வேட்டைக்காகவும் மீன்பிடிக்காகவும் ஒதுக்கி வைத்தனர். அதற்கென ஒரு சங்கமும் அமைத்தார்கள். முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் முதுவர்களுக்கு இந்தப் புல்வெளியின் ஒவ்வொரு தடமும் தெரியும். வேட்டைக்காகக் காக்கப்பட்ட இடம்தான். ஆனால் அந்தக் காவல் இருந்ததால்தான் தேயிலை அங்கே ஏறவில்லை.

1969இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜார்ஜ் ஷேலர் இங்கே வந்து வரையாடுகளை ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் ஈ.ஆர்.சி. தாவீதார் அதே காலத்தில் இந்த ஆடுகளைத் தேடி மலைமலையாக அலைந்து கணக்கெடுத்தார். 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்டெடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. மீட்ட நிலத்தில் இரவிகுளமும் ஒன்று. அதை யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல் 1975இல் சரணாலயமாக்கினார்கள்; 1978இல் அது தேசியப் பூங்காவாயிற்று. கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா இதுதான்.

2025 ஏப்ரலில் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்து ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,365 வரையாடுகளும் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகளும் எண்ணப்பட்டன. இந்த ஒரு பூங்காவில் மட்டும் 841. உலகில் வரையாடு வாழ்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில் மட்டுமே. அதாவது உலகில் உள்ள ஒவ்வொரு மூன்று வரையாட்டிலும் ஏறக்குறைய ஒன்று, நாம் காலைப் பேருந்தில் போய் இறங்கும் இந்த மலையில்தான் மேய்கிறது.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. வால்பாறைக்கு மேலேயுள்ள புல்மலைப் பகுதி இரவிகுளத்தோடு ஒட்டியே இருக்கிறது. ஆடுகளுக்கு மாநில எல்லை தெரியாது. தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கென்று தனித் திட்டம் நடத்துகிறது. தாவீதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் தேதியை வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. ஆனால் நீலகிரியிலும் பழனி மலையிலும் நாம் புல்வெளியை வீண் நிலம் என்று நினைத்துச் சீகையும் தைலமரமும் பைனும் நட்டு மூடிவிட்டோம். காடு அழிந்து உருவானதல்ல இந்தப் புல்வெளி. பல்லாயிரம் ஆண்டுகளாக உறைபனியோடு வாழ்ந்துவரும் நிலம் அது. ராஜமலையில் நிற்கும்போது, நம் மலைகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன என்பதை உடன் வந்த பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மலை தருவதும் மலையில் உழைப்பவர்களும்

புல்வெளியின் மடிப்புகளில், ஓடைகள் புறப்படும் இடங்களில், அடர்பச்சையாகக் குட்டை மரங்கள் நெருங்கி நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அவைதான் சோலைகள். மழையையும் மூடுபனியையும் வாங்கி மண்ணில் தேக்கி, மழையற்ற மாதங்களிலும் கசியவிடுவது புல்வெளியும் சோலையும் சேர்ந்த இந்த அமைப்புதான். இரவிகுளத்தின் மேற்குச் சரிவில் விழும் நீர் பெரியாற்றுக்கும் சாலக்குடியாற்றுக்கும் போகிறது. கிழக்கே இறங்கும் நீர் பாம்பாறாகி, மறையூரைக் கடந்து, சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலை, தாராபுரம், கரூர் வயல்களைத் தொட்டுக் காவிரியில் கலக்கிறது. மூணாறு - மறையூர் சாலையில் லக்கம் அருவியருகே நின்று கால் நனைக்கிறோமே, அது அமராவதிப் பாசன உழவருக்குப் போய்ச்சேரும் தண்ணீர்.

சோலைக்குள் நாம் போக முடியாது. ஆனால் சோலையின் விளிம்பில் காத்திருந்தால் கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் ஒரு கொப்பில் வந்து அமரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த உயரங்களைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. ஆனைமுடியின் உச்சிப் பகுதியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புதர்த்தவளை இருப்பதை 2010இல்தான் அறிவியல் உலகம் பெயரிட்டுப் பதிவு செய்தது. இந்த மலைகளைத் தவிர உலகில் அதற்கு வேறு வீடு இல்லை. சிகரத்துக்கு ஏன் நம்மை ஏறவிடுவதில்லை என்பதற்கு இந்தத் தவளை ஒன்றே போதுமான விடை.

பேருந்து ஏறும் வழியில் கொழுந்து பறிப்பவர்களைப் பார்ப்பீர்கள். கோடை மழை விழுந்ததும் தளிர் விடுகிறது தேயிலை. ஏப்ரல், மே வேலை மிகுந்த மாதங்கள். தோட்டத்தில் பேச்சு பெரும்பாலும் தமிழ். திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைச் சீமையிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இவர்கள். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. இவர்கள் தேயிலையோடு அங்கேயே இருந்துவிட்டார்கள்.

நாம் நடக்கும் அந்த ராஜமலைச் சாலை மேலும் தொடர்ந்து பெட்டிமுடிக்குப் போகிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில் மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேரை அந்த இரவு கொண்டுபோய்விட்டது. கயத்தாறைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் பல அதில் இருந்தன. கண்டெடுத்த உடல்களை ராஜமலையிலேயே அடுத்தடுத்துப் புதைத்தார்கள். நமக்குச் சுற்றுலாச் சாலையாக இருப்பது அவர்களுக்குப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போகும் ஒரே வழி. தோட்டத்து ஜீப் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். கொழுந்து பறிப்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தமிழில் ஒரு வார்த்தை நலம் விசாரித்தால் அவர்கள் பேசுவார்கள். அந்தப் பேச்சில் மலையைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லாதவை கிடைக்கும்.

மூன்று நாள் போதும். ஒரு நாள் போதாது

ஒரே நாளில் ராஜமலை, மாட்டுப்பெட்டி அணை, எக்கோ பாயிண்ட், டாப் ஸ்டேஷன், தேயிலை அருங்காட்சியகம் என்று ஐந்து இடம் ஓடும் திட்டத்தைக் கையில் தருவார்கள். வாங்காதீர்கள். அப்படிப் போனால் எல்லா இடத்திலும் வாகன நிறுத்தத்தை மட்டுமே பார்த்துவிட்டு வருவோம். என் யோசனை இது.

முதல் நாள்: உடுமலையிலிருந்து காலையில் புறப்பட்டு, சின்னாறில் இறங்கி, வனத்துறை வழிகாட்டியோடு ஆற்றோரம் சிறு நடை போங்கள். மதியம் மறையூரில் கற்கல்லறைகளைப் பாருங்கள். வெயில் தாழ லக்கம் அருவி. இரவு மறையூரிலோ மூணாறிலோ தங்கல்.

இரண்டாம் நாள்: முழுக் காலையும் ராஜமலைக்கு. எட்டு மணிக்கெல்லாம் அஞ்சாம் மைலில் இருங்கள். பதினொன்றரை வரை நிதானமாக நடங்கள், நில்லுங்கள், பாருங்கள். பிற்பகலில் மேகம் இறங்கிவிடும். அறைக்குத் திரும்பி ஓய்வெடுங்கள். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த ஓய்வு அவசியம்.

மூன்றாம் நாள்: வட்டவடைச் சாலையில் பாம்பாடும் சோலை. ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத, கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. ராஜமலையில் தொலைவிலிருந்து பார்த்த சோலையை இங்கே அருகிலிருந்து பார்க்கலாம். பிறகு மூணாறுக்குத் திரும்பி, வெளிச்சம் இருக்கும்போதே போடிமெட்டு இறங்குங்கள்.

*கையில் எடுத்துச் செல்ல:*

- மெல்லிய கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு. ஏப்ரல் என்றாலும் காலைக் குளிர் உண்டு. பிற்பகல் மழை உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
- வழுக்காத செருப்போ ஷூவோ. மழை பெய்த மறுநாள் புல்லோரத்தில் அட்டை இருக்கும்.
- எவர்சில்வர் தண்ணீர் புட்டி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பூங்காவுக்குள் கூடாது.
- இருந்தால் ஒரு இருநோக்கி. நல்ல கேமராவைவிட இங்கே அது பயன்படும்.
- கொண்டைஊசி வளைவுகளில் தலைசுற்றும் வழக்கம் உள்ளவர்களுக்கு மாத்திரை, எலுமிச்சம்பழம்.

சீட்டுக் கிடைக்காவிட்டால்

சில நாட்களில் சீட்டு இருக்காது. சில நாட்களில் மூடுபனி இறங்கி எதுவும் தெரியாது. அப்போது வாசல் காவலரிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதை நம் உரிமையைப் பறிப்பதாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தபோதும் அந்தக் குரல் கேட்டது. ஒரு மலை எத்தனை வாகனத்தைத் தாங்கும், எத்தனை பேருக்குத் தண்ணீர் தரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. இரவிகுளம் அந்த எல்லையை முன்பே வகுத்துக்கொண்டு வாழும் இடம். அங்கே நாம் கற்றுக்கொண்டு வரவேண்டிய பாடமும் அதுவே.

இந்தப் பாடத்துக்கு அவசரமும் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் சரிவுகளை நீலமாக்கும் குறிஞ்சி 2006இல் பூத்தது. 2018இல் பூத்தபோது பெருவெள்ளம் வந்து சாலைகளை அடைத்துவிட்டது. அடுத்த பூப்பு 2030இல். அந்த ஆண்டு இந்த வாசலில் லட்சக்கணக்கானவர்கள் வந்து நிற்பார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவோராக இருப்பார்கள். அந்தக் கூட்டத்தை இந்தச் சிறு சாலை தாங்குமா என்பது வனத்துறையின் ஏற்பாட்டை மட்டும் பொறுத்ததல்ல. வரிசையில் நிற்பது, சாலையை விட்டு இறங்காதது, பூவைப் பறிக்காதது, குரலைத் தாழ்த்துவது, சீட்டு இல்லையென்றால் அடுத்த நாளுக்கு ஒத்திவைப்பது இவையெல்லாம் அன்று காலையில் திடீரென்று வந்துவிடும் பழக்கங்கள் அல்ல. அதற்கு முன் வரும் ஒவ்வொரு கோடையிலும் பழகிக்கொள்ள வேண்டியவை. இந்த ஏப்ரலில் உங்கள் பிள்ளைகளோடு போய்த் தொடங்கிவையுங்கள்.